பதினேழாவது ஆணி

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நாலு ஆணிகள் அடித்திருக்கிறேன். வெளியே போகிறவர் தன் இலக்கத் தகட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். வந்ததும் திரும்பக் கொழுவிவிட வேண்டும். "போனில பாத்தால் நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு தெரியும்தானே அப்பா" என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆணியின் கதையை ஒருமுறை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜெர்மனியில் எங்களுடைய முதல் குளிர்காலம். அகதிகளாக வந்தவர்களைப் பிரித்து அனுப்பியபோது எங்களுக்குக் கிடைத்தது டிரெஸ்டனுக்குத் தெற்கே, செக் எல்லையோரம், மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊர். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயத்தைப் பல நூறு வருடங்களாகத் தோண்டி எடுத்த ஊர் அது. நாங்கள் போவதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் சுரங்கத்தை மூடியிருந்தார்கள். முன்பு சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடத்தில் இப்போது நாங்கள் தங்கியிருந்தோம்.

ஊரின் மேற்புறத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. ஒரு கோயிலையும் அதன் தேரையும் வீதியையும் உள்ளே இறக்கினாலும் இடம் மிஞ்சும். அந்தக் காலத்து ஆட்கள் பாறையின் கீழே விறகை எரித்து, சூட்டில் வெடித்த கல்லைப் பெயர்த்து எடுத்தார்களாம். ஆளுக்கொரு பக்கமாகக் குடைந்ததில் மலை உள்ளே கூடாகி, ஒரு நாள் அப்படியே கீழே இறங்கிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எனக்குச் சொன்னது வேறு. "உது பொம்பர் பிளேன் போட்ட குண்டடா. கிடங்கின்ர அளவைப் பார்!" மாமாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நம்பிய காலம் அது.

எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான ஜெர்மன்காரர் வருவார். முன்பு சுரங்கத்தில் வேலை செய்தவர். ஒரு நாள் வாசலில் நீளமான பலகையை மாட்டி, அதில் ஆணிகளை அடித்து, ஆளுக்கொரு பித்தளைத் தகட்டைத் தொங்கவிட்டார். போகும்போது எடுங்கள், வந்ததும் கொழுவுங்கள் என்று கையால் காட்டினார். என் இலக்கம் பதினேழு.

அன்று பின்னேரமே மாமா எல்லோரும் சமைக்கும் குசினியில் கூட்டம் வைத்தார்.

"இது எங்களைக் கணக்கெடுக்கிற பலகை. ஆர் வெளியில போறது, எவ்வளவு நேரம் போறது, எல்லாம் ஒஃபீசுக்குப் போகும். ஊரில ஆமிக்காரன் வீடு வீடாப் பேர் எழுதினவன், மறந்து போச்சோ?"

"அந்த மனிசன் பாவமடா," என்றார் அம்மா. "நேற்றும் பிள்ளைக்குக் கையுறை கொண்டுவந்து தந்தவர்."

"உளவு பாக்கிற சீஐடிக்காரரும் பிள்ளையளுக்கு டொபி தருவாங்கள் அக்கா."

அன்றிலிருந்து அந்த மனிதருக்கு எங்கள் கட்டடத்தில் பெயர் சீஐடி. மாமாவின் திட்டப்படி ஒருவரும் தகட்டைத் தொடவில்லை. எல்லாத் தகடும் எப்போதும் ஆணியில் தொங்கும். ஆட்கள் கடைக்கும் தெருவுக்கும் போய்வருவார்கள். பலகையின்படி நாங்கள் எல்லோரும் இரவு பகலாக வீட்டிலேயே அடங்கிக் கிடந்தோம். ஒரு நாள் பஸ் தரிப்பில் மாமாவைக் கண்ட சீஐடி தலையைச் சொறிந்தாராம். மறுநாள் காலை வந்து, எடுங்கள், கொழுவுங்கள் என்று பொறுமையாக மறுபடியும் காட்டிவிட்டுப் போனார்.

நான் மட்டும் களவாக எடுத்தேன். காற்சட்டைப் பைக்குள் அந்தத் தகடு கிலுங்கும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் எங்கள் அகதி வழக்கு விசாரணைக்காக டிரெஸ்டனுக்குப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள மாமா. அவர் குசினியில் மூன்று பேரோடு முந்நூற்றிநாலு விளையாடிக்கொண்டிருந்தார். "தூரப் போகாத," என்றார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் குண்டின் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் பள்ளத்துக்குப் போனேன்.

போகும்போது வெளிச்சம் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் பனிப்புகார் இறங்கியது. அந்த மலைப் புகார் வந்தால் நீட்டிய கையின் விரல் தெரியாது. தட்டித் தடவி நடந்ததில் கால் எதிலோ இடறியது. குனிந்து தொட்டால் கம்பி. பள்ளத்தைச் சுற்றி அடித்த வேலி. பனி மூடியதில் அது என் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. நான் அதைக் கடந்துவிட்டேனா, இல்லையா? வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன்? கீழே எங்கோ ஒரு கல் உருண்டு விழுந்துகொண்டே போகும் சத்தம் கேட்டது. அதன்பிறகு நான் அசையவேயில்லை.

ஐந்து மணிக்குச் சீஐடி வீட்டுக்குப் புறப்படும் முன் பலகையைப் பார்த்திருக்கிறார். பதினேழாவது ஆணி வெறுமை. நேரே குசினிக்குப் போய் மாமாவைக் கேட்டார். பிடிபட்டுவிட்டோம் என்று பயந்த மாமா, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பையன் மேலே நித்திரை என்று காட்டினாராம். அந்த மனிதர் மாமாவின் கன்னத்தை நம்பவில்லை, ஆணியை நம்பினார். விளக்கை எடுத்துக்கொண்டு, பனியில் என் காலடித் தடத்தைப் பார்த்தபடி போய்விட்டார். மாமா மேலே ஓடி வெறும் கட்டிலைப் பார்த்தார். பிறகு செருப்பில்லாமல், காலுறையோடு பனிக்குள் இறங்கி ஓடினார்.

எனக்குப் புகாருக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. "சீப்ட்சேன்! சீப்ட்சேன்!" ஜெர்மன் மொழியில் பதினேழு. என் பெயர் அவர் வாயில் நுழையாது, இலக்கம் நுழையும். "ஓம்! ஓம்!" என்று கத்தினேன். மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. அவர் என்னைப் பார்த்ததும் அசையாதே என்று கையைக் காட்டினார். பிறகு பனியில் குப்புறப் படுத்து, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். நான் நின்றது வேலிக்கு அந்தப் பக்கம்.

கட்டடத்துக்கு வந்ததும் அவர் என்னை ஏசவில்லை. பலகையடிக்குத் தூக்கிக்கொண்டு போய், என் கையாலேயே தகட்டைக் கொழுவச் செய்தார். ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தகடாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசி ஆணிவரை எண்ணி முடித்தார். பின்னால் மாமா ஈரக் காலோடு நின்று விம்மினார்.

அடுத்த நாளிலிருந்து வாசலில் நின்று, "தகடு எடுத்தனியோ? டேய், தகடு!" என்று எல்லோரையும் விரட்டிக் கலைத்தவர் மாமாதான். பிறகு அவரே அந்த மனிதரைக் குசினிக்குக் கூப்பிட்டு முந்நூற்றிநாலு பழக்கினார். மாமாவுக்கு ஜெர்மன் வர வர, அந்த மனிதரின் கதையும் வந்தது. அதை மாமா எனக்குச் சொன்னது நான் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு. சுரங்கத்தில் அந்த மனிதரின் வேலை தகட்டுப் பலகையைப் பார்ப்பதுதானாம். ஒருமுறை வேலை முடிந்து எல்லோரும் மேலே வந்த பிறகும் ஓர் ஆணி வெறுமையாக இருந்ததாம். அது கடைசிவரை வெறுமையாகவே இருந்துவிட்டதாம்.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. பலகையடியில் நின்ற என் கண்ணுக்கு, நடுங்கும் இரண்டு பெரிய கைகள் மட்டும் தெரிந்தன. பாவம், குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். அவர் எனக்குத் தந்த கையுறைகளைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

அவற்றுக்குள் அவருடைய இரண்டு விரல்கூட நுழைந்திருக்காது. ஆனாலும் அவர் அவற்றை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.