வானத்துக்கு அப்ரூவ்டு சேம்பிள் கிடையாது

சுனாமியில தம்பியைப் பறிகொடுத்த பொண்ணுக்கு எங்க முதலாளி லீவு தரலை. ஷிப்மென்ட் இருந்துச்சாம்.

நல்லூர்ல இருந்துச்சு அந்த பனியன் கம்பெனி. அயர்ன் டேபிள் நீராவி, சூடான காட்டன் வாசனை... இன்னிக்கும் புது பனியனைப் பிரிச்சா ரோஸியக்கா முகம்தான் வருது. அந்தப் பொண்ணு அவங்கதான். நாகப்பட்டினத்துக்காரங்க, தச்ச துணியில குறை பாக்கற செக்கிங் செக்‌ஷன். நான் மெர்ச்சண்டைசர். ஃபிசிக்ஸ் டிகிரியை வச்சுக்கிட்டு ஆர்டர் தர்ற வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிச்சிட்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு சாப்பாட்டு நேரம். ஆபீஸ் ப்ராட்பேண்ட்ல ஒரு வெளிநாட்டு செயற்கைக்கோளோட கிராஃப் மாட்டுச்சு. நிலநடுக்கத்துக்கு முன்னாடி, ரொம்ப உயரத்துல இருக்கிற அயனமண்டலத்துல மின்காந்த அலை ஏதாவது கலையுதான்னு தேடறதுக்காகவே விட்டது. அந்த சுனாமியைக் கிளப்பின சுமத்ரா நிலநடுக்கத்துக்கு முந்தின நாட்களும் அதுல இருந்துச்சு! சாப்பாட்டை ஓரமா தள்ளி வச்சேன்.

ரோஸியக்கா பின்னாடி வந்து நின்னாங்க. "இது முன்னாடியே சொல்லியிருக்குமா கனகா?"

"பாத்தரலாங்க்கா."

எப்படிப் பாத்தோம் தெரியுமா? துணி பாக்கற மாதிரியேதான். அமைதியான ஒரு நாளோட கிராஃபை பிரிண்ட் எடுத்தோம். அதுதான் அப்ரூவ்டு சேம்பிள், பையர் ஓகே பண்ணின மாதிரித் துணி கணக்கா. ஆடறதுக்கு முந்தின நாளை அது மேல வச்சு, துணியோட கலர் ஷேடு பாக்கற பெட்டி வெளிச்சத்துல புடிச்சோம்.

கோடு விலகியிருந்துச்சு!!

"ரிஜெக்ட்டு!"ன்னு கத்துனாங்க ரோஸியக்கா. ரெண்டு பேரும் குதிச்ச குதியில கட்டிங் மாஸ்டர் எட்டிப் பாத்தாரு. "ஏனுங்க அம்மிணி, வானத்துக்கும் பனியன் ஆர்டர் புடிச்சிட்டீங்களா?"

அப்புறம் பெரிய நிலநடுக்கமே இல்லாத ஒரு நாளை எடுத்து வச்சேன்... அதே விலகல். இன்னொரு நாள். அதுலயும்! சூரியன் கொஞ்சம் சீறினாலே அங்க எல்லாம் கலைஞ்சுபோகும்னு அப்புறம்தான் படிச்சேன். சேம்பிளோட ஒத்துப்போகலைன்னா டேமேஜ்ங்கறது துணிக்குத்தான். வானம் தினமும் வேற ஷேடு.

ஏமாத்தமா? எனக்கு வெறி ஏறுச்சு! "நிறைய நாள் பாக்கணுங்க்கா... சூரியனோட சேட்டையைக் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு தேடணும்..."

ரோஸியக்கா பேப்பரைக் கீழ வச்சாங்க.

"முன்னாடி தெரியறதை விடு. அங்க ஆடினதுக்கும் எங்க ஊருக்குத் தண்ணி வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேலங்க்கா."

"ஆடிருச்சுன்னு அதுக்குள்ள பெரிய ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"ம்."

பெல் அடிச்சது. செக்கிங் டேபிளுக்குப் போயிட்டாங்க.

இப்போ நம்ம போனே அபாய அலாரம் அடிச்சு டெஸ்ட் பண்ணுது. அந்த மாதிரி செயற்கைக்கோளுங்க இன்னும் மேல போயிட்டிருக்கு. நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல இன்னும் யாராலயும் முடியலை. ஆனாலும் புது கிராஃப் வந்தா நான் இன்னிக்கும் சோத்தை மறந்துட்டு உக்காந்துக்கறேன்.

முடியாததை நான் கேக்கலை. அந்த ரெண்டு மணி நேரத்தைத்தான் கேக்கறேன். ஒரு போன், கடற்கரையில ஒரு மைக் செட்... அவ்வளவுதான் வேணும். ரோஸியக்கா தம்பி ஊருக்கு, விஷயம் தெரிஞ்ச பெரிய ஆளுங்க ஒருத்தரும் ஏன் போன் போட்டுச் சொல்லலை?

பதில் சொல்லுங்க.