சம்பந்தி காரில் மஞ்சள் விளக்கு

மூன்று தெரு தள்ளி ஒரு வண்டி இருமினால் போதும், அதற்கு நெஞ்சில் சளியா வயிற்றில் உப்புசமா என்று பட்டறையில் படுத்தபடியே சொல்லிவிடுவார் காதுக்காரர். சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் தாராளம்தான். எதிர்வாசல் வரைக்கும் நிச்சயம்.

அப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்கே அன்று காலை காது அடைத்துப்போனது. மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தி, டர்போ வைத்த தன் காரைப் பட்டறை வாசலில் நிறுத்தி, டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் இன்ஜின் விளக்கைச் சுட்டிக்காட்டினார். பின் சீட்டில் சம்பந்தியம்மா.

"போன வாரம் நீங்க கை வெச்சீங்க. இந்த வாரம் விளக்கு. நான் ஒண்ணும் சொல்லலை, சம்பந்தி."

ஒன்றும் சொல்லாத மனிதர் அதையே நாலு விதமாகச் சொன்னார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயை மாற்றியவர் காதுக்காரர்தான். இனி மகள் வீட்டு விருந்து ஒவ்வொன்றிலும் இந்த விளக்கு அல்லவா எரியும்!

ஸ்கேனரைச் செருகினார். டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்றது அது.

"ஐயோ, டர்போவே போச்சா?"

"அவசரப்படாதீங்க. வழியில எங்கயாவது காத்து ஒழுகினாலும் இதையேதான் சொல்லும்."

பானெட்டைத் திறந்து காதை நீட்டினார். நின்றபடி ஓடும்போது இன்ஜின் பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாக இருந்தது. டர்போ மூச்சைப் பிடித்துத் தள்ளினால்தானே ஒழுகல் வாயைத் திறக்கும்? மூவருமாக மேம்பாலத்துக்குப் புறப்பட்டார்கள்.

"ஏத்தத்துல நல்லா மிதிங்க. யாரும் பேசக்கூடாது."

"நான் எங்க பேசறேன்? இந்தப் பாலம் கட்டறப்போ..."

"ஏங்க, வாயை மூடுங்க!" என்றார் சம்பந்தியம்மா.

கிடைத்த அந்த ஒரு நொடி அமைதியில், முன்பக்கத்திலிருந்து கோபித்துக்கொண்ட பூனை போல ஒரு 'உஸ்ஸ்'. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றுபோனது.

பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டி, சூடு ஆறியதும் காதுக்காரர் கைவிட்டுத் தடவினார். குழாய்க்கு ஒரு குறையுமில்லை. அதைப் பிடித்திருக்கவேண்டிய கிளாம்ப்தான் வளையல் மாதிரிச் சுற்றியது.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இறுக்கமாக முறுக்கியதாகத்தான் நினைவு. தளர்ந்த கிளாம்ப் கண்ணெதிரே இருக்கும்போது நினைவை யார் கேட்கிறார்கள்? ரப்பர் மட்டமான சரக்கு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"டர்போ கல்லு மாதிரி இருக்கு. தப்பு என் மேலதான், சம்பந்தி. சரியா முறுக்காம விட்டுட்டேன்."

ஓயாமல் பேசும் சம்பந்தி, அண்ணாந்து பாலத்தின் அடிவயிற்றை ஆராய ஆரம்பித்தார்.

"அண்ணா, நீங்க சரியாத்தான் முறுக்கியிருந்தீங்க," என்றார் சம்பந்தியம்மா. "இவர்தான் ஞாயித்துக்கிழமை, சம்பந்தி வேலையை நாமளும் ஒரு தடவை சரிபாத்துடுவோம்னு ஸ்க்ரூடிரைவரோட கிளம்பினார். இறுக்கறேன்னு இடப்பக்கமாத் திருகிட்டு வந்து, கை வலிக்குதுன்னு என்னைப் பிடிச்சுவிட வேற சொன்னார்!"