துபாய்க்குப் பின்னால் ஒரு மலை

போன வாரம் மாடசாமியின் மகன் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தான். முதுகுக்குப் பின்னால் மேகத்தைக் குத்திக் கிழிக்கிற மாதிரி கட்டடங்கள். “வியூ எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டிருந்தான். நல்ல வியூதான். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, துபாய்க் கட்டடங்களைப் பார்த்தாலே என் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது, இருக்கிறதா என்று.

அழகான காட்சி என்றால் மற்றவர்களுக்கு அருவி, சூரியோதயம் என்று ஏதாவது நினைவுக்கு வரும். எனக்கு அரிவாள்.

அப்போது சங்கரன்கோவிலில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு குடை லைட், ஒரு ஸ்டூல், பவுடர் டப்பா, பல் உடைந்த சீப்பு, சுவரெல்லாம் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து வாடை. கலைஞன் என்று ஒரு மிதப்பு மட்டும் ஏராளமாக இருந்தது. நான் எடுத்த பாஸ்போர்ட் போட்டோக்களில் எல்லோரும் சற்றுமுன் கைதானவர்கள் மாதிரி இருப்பார்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகமான பக்கம் என்பதால், ஸ்டூலுக்குப் பின்னால் துபாய் வரைந்த படுதா ஒன்று தொங்கவிட்டால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டேன். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஆர்ட்டிஸ்ட் பிச்சையாவிடம் ஒரு துபாய் காலண்டரைக் கொடுத்தேன். பாய்மரம் போல ஒரு கட்டடம், சுற்றிலும் இருபது முப்பது, கீழே கடல் என்று அமர்க்களமாக வரைந்து தந்தார். கட்டடங்களுக்குப் பின்னால் நீலமாய் ஒரு மலைத்தொடர். அதன் நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு பள்ளம். மொட்டைமாடியில் பல் தேய்க்கும்போது தினமும் மேற்கே பார்க்கிற அதே மலை. தினமும் பார்ப்பதாலேயே என் கண்ணில் படவில்லை. பின்னால் வந்த ரகளையெல்லாம் முடிந்தபிறகு, துபாயில் ஏது மலை என்று பிச்சையாவைக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “மலை இல்லாம வானம் எங்கன போயி முடியும், அண்ணாச்சி?”



அந்தப் படுதாவுக்கு முன்னால்தான் ஒரு நாள் மாடசாமி வந்து நின்றான். ஏஜெண்டு ஒருவன் அவனைத் துபாய்க்கு அனுப்புகிறேன் என்று மும்பையில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். ஊருக்குப் போக வெட்கம். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி ஷெட்டில் வேலை, அங்கேயே படுக்கை. கடையநல்லூர்ப் பக்கம் தகப்பன் வீட்டில் இருந்த மனைவிக்கு அவன் துபாயில் இருந்தான். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு சிநேகிதன் கையில் போட்டோவைக் கொடுத்தனுப்புவதாகத் திட்டம்.

“யார் கேட்டாலும் நான் இங்கன இருக்கதைச் சொல்லிராதிய அண்ணாச்சி.”

“கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்லே.”

நாக்கில் சனி என்பது இதுதான்.

கூலிங்கிளாஸ் மாட்டி, ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வைத்து, துபாய் ஷேக்கே பொறாமைப்படும்படி எடுத்துக் கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பட்டப்பகலில், மனைவியின் அண்ணன் சுடலை வந்துவிட்டார். நெல் விவசாயி. கடையநல்லூரில் தொடங்கி வழிநெடுக ஸ்டுடியோக்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் என் கடை. படுதாவையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தெனம் மடை தொறக்கையில நான் பாக்குத மலைவே இது! இது எப்பம்வே துபாய்க்குப் போச்சு?”

இடுப்பிலிருந்து அரிவாளை உருவினார். முதலில் லைட் நொறுங்கியது. அடுத்து கேமரா ஸ்டாண்டு. நான் வீரமாகப் படுதாவுக்குப் பின்னால் பதுங்கினேன். துபாய் வானத்தைக் கிழித்துக்கொண்டு அரிவாளின் நுனி என் மூக்குக்கு நாலு விரல் தள்ளி இறங்கியது. சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு குத்து விட்டார். முன்பல் ஒன்று ஸ்டூலுக்கடியில் உருண்டது. கழுத்தில் இரும்பு சில்லென்று பட்டது.

“எவளையோ இங்கன வச்சிருக்கான், என் தங்கச்சி அங்கன விரதம் இருக்கா. எங்கலே இருக்கான்? சொல்லுதியா, சீவட்டுமா?”

ஒரு மூச்சை இழுத்துவிடும் நேரம் தாக்குப்பிடித்தேன். “ரயிலடிக்குப் பின்னால, மூணாவது ஷெட்டு” என்றேன்.

அவர் ஓட, நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். தறிச் சத்தத்தில் யார் கத்தியதும் யாருக்கும் கேட்கவில்லை. அரிவாள் இறங்கியபோது மாடசாமி இடதுகையைத் தூக்கினான். இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. தறியில் ஓடிய வெள்ளைப் பாவு நூலில் ரத்தம் சீறித் தெறித்தது. யாரோ சுவிட்சை அணைக்கும்வரை தறி நிற்கவில்லை. ஒரு சாண் துண்டு சிவப்பாகவே நெய்து வந்தது.

மறுபடி ஓங்கிய சுடலையின் பார்வை ஷெட்டின் ஒரு மூலையில் பட்டது. அங்கே ஒரு பாய், ஒரு தூக்குவாளி, பெட்டியின்மேல் தங்கச்சியின் கல்யாணப் படம். வேறு எவளும் இல்லை. அரிவாள் கையிலிருந்து நழுவியது. அந்த மனுஷன் தறிக்கடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு வேட்டியைக் கிழித்து மச்சானின் கையில் கட்டி, தோளில் போட்டு ஆட்டோவுக்கு ஓடியவரும் அவர்தான். விரல்களை நான் பொறுக்கினேன். சட்டைப்பையில் இருந்தது ஒரு காலி பிலிம் டப்பா. அதில் போட்டு மூடி எடுத்துப்போனேன். சிதைந்துவிட்டது, ஒட்டாது என்றார் டாக்டர். தறியில் மாட்டிக்கொண்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தான் மாடசாமி.

ஆறு மாதம் கழித்து மனைவியோடும் சுடலையோடும் வந்தான். தைத்த படுதாவுக்கு முன்னாலேயே எடுக்கவேண்டும் என்றாள் அவள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். “கையை முன்னால வையுங்க. இனி எனக்கு எதையும் மறைக்க வேண்டாம்” என்றாள். மூன்று தலைகளுக்கும் மேலே துபாய் வானத்தில் தையல் போட்ட தழும்பு தெரிகிற படம் அது. நான் எடுத்ததிலேயே உருப்படியான படமும் அதுதான்.

மாடசாமிக்கு நான் அன்று காப்பாற்ற ஓடிவந்தவன். இன்றும் மூன்று விரலால் டீ கிளாஸை நீட்டிச் சிரிப்பான். “அந்த மலைதான் அண்ணாச்சி என்னயக் காட்டிக்குடுத்துட்டு!” நானும் பல் போன இடத்தைக் காட்டிச் சிரிப்பேன். காட்டிக்கொடுத்தது யார் என்று சுடலை இதுவரை வாய் திறக்கவில்லை. என்மேல் இரக்கமா, என்னை ஓர் ஆளாகவே எண்ணவில்லையா, தெரியவில்லை.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. படுதா எலிக்குப் போனது. மாடசாமியின் பையனுக்கு, “வியூ சூப்பர், பின்னால மலையத்தான் காணோம்” என்று அனுப்பிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மேற்கே புதிதாக எழும்பியிருக்கிறது நாலு மாடிக் கல்யாண மண்டபம். எக்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியும் பார்த்தேன். இங்கேயும் காணோம்.

இத்தனை வருஷம் என் பழியைச் சுமந்தது அந்த மலை. இனி அந்தப் பக்கம் கைகாட்டக்கூட வழியில்லை. நான்தான் நிற்கிறேன், ஓட்டைப்பல்லோடு.