வராத பஸ்ஸின் சராசரி

பதினொன்றாம் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: நாங்கள் குடியிருந்த லோத்குண்டாவிலிருந்து செகந்திராபாத்தில் இருந்த பள்ளிக்கு என் தோழியோடு பஸ்ஸில் போக வேண்டும். அப்பா விடவில்லை. பஸ்ஸை நம்பினவன் பரீட்சைக்குப் போய்ச் சேரமாட்டான் என்பது அவர் கட்சி. தினமும் தன் பழைய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், வாட்ச்மேன் பல் விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார்.

கணக்கோடு புள்ளியியலும் எடுத்திருந்தேன். சொந்தமாகத் தரவு சேகரித்து ஒரு ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார் டீச்சர். வகுப்பில் பாதிப் பேர் பிரியாணி பற்றிக் கருத்துக்கணிப்பு எடுக்கக் கிளம்பினார்கள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். படிப்பு என்று சொல்லிவிட்டால் அப்பா எதையும் மறுக்கமாட்டார். காலையில் ஸ்டாப் அருகே ஸ்கூட்டரை ஓரங்கட்டுவார். பஸ் வந்ததும் நான் போனில் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். வெகுநேரம் வராவிட்டால் அப்பா வண்டியைக் கிளப்பிவிடுவார். அந்த நாளை விட்டுவிடுவேன்.

சராசரி அவ்வளவு அழகாக வந்தது. வரைபடத்துக்கு வண்ணமெல்லாம் அடித்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்ட்டி. வராத பஸ்ஸ எங்க எழுதிருக்க?"

வந்த பஸ்ஸை மட்டும் கூட்டி வகுத்தால் எந்த ஊர் பஸ்ஸும் நல்ல பஸ்தான். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி என்பதுதான் எனக்கு எரிச்சல். சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்தேன். பசித்ததும் எழுந்துவந்து தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் தோழியிடம் பொருமினேன். தலைமுறைகளாகச் செகந்திராபாத் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது; ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்றுதான் அவளுக்கு வரும்.

"ஹவ், அங்கிள் கரெக்ட்டாதான் கேட்டாரு. கோவம் நக்கோ. மறுபடி எண்ணு, இந்தத் தடவ எல்லாத்தையும் எண்ணு" என்றாள்.

எண்ணினேன். வராத பஸ்களையும் எழுதினேன். கூடவே, அப்பாவிடம் சொல்லாமல், வீட்டு வாசலில் ஸ்கூட்டர் கிளம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையும் எழுதினேன். மழைக்காலம் வேறு. வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்து, திட்டி, கடைசியில் ஆட்டோ பிடித்த நாட்களும் உண்டு. அந்த நாட்களை அப்பா கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தேன். பஸ் அப்படியொன்றும் யோக்கியம் இல்லை. ஆனால் ஸ்கூட்டர் அதைவிட மோசம். அப்பா கண்ணாடியை மறுபடியும் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஈரத்துக்கு எல்லா வண்டியும் இப்படித்தாம்ட்டி."

"கிளம்பாத ஸ்கூட்டரையும் எழுதணும்லப்பா."

அடுக்களையில் அம்மா சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது.

"சரி, ஒரு வாரம் போய்ப் பாரு" என்றார் அப்பா.

திங்கட்கிழமை வழியனுப்ப ஸ்டாப் வரைக்கும் ஸ்கூட்டரில் கூட்டிவந்தார். பஸ் வந்தது. முந்தைய ஸ்டாப்பிலேயே ஏறியிருந்த தோழி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். பஸ் நகர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. கையைக் காட்டினேன். பிறகு பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஸ்கூட்டருக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.