கூட்டுக் கிணறு விட்டுப்போன வரைபடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ராசிபுரம் பஸ் ரோட்டை ஒட்டிய ஒரு மின்சார அலுவலகத்தில் நான் இளம் பொறியாளன். கரண்டு போதாத காலம். தோட்டங்களை இரண்டு குரூப்பாகப் பிரித்து, ஒன்றுக்குக் காலையிலும் மற்றதுக்கு மதியத்துக்கு மேலும் கரண்டு விடச் சொன்னார்கள். எந்த டிரான்ஸ்பார்மர் எந்தக் குரூப்பில் என்று முடிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். எனக்குப் படித்த திமிர் கொஞ்சம் அதிகம்.

கல்லூரியில் கற்ற ஒரு கணக்குமுறை கைவசம் இருந்தது. டிரான்ஸ்பார்மர்கள் புள்ளிகள், அவற்றை இணைக்கும் கம்பிகள் கோடுகள். இரண்டு பக்கமும் சுமை சமமாக வேண்டும், இரு பக்கத்துக்கும் நடுவே வெட்டுப்படும் கோடுகள் குறைய வேண்டும். இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் இடம் மாற்றிப் பார்த்து, வெட்டு குறைந்தால் வைத்துக்கொள்வது, கூடினால் திருப்பிவிடுவது. கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை மேஜைமேல் புளியங்கொட்டையும் ஆமணக்குக் கொட்டையும் பரப்பி நானே செய்தேன். ஒரு வாரத்தில் நான்கே வெட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேலதிகாரி மெச்சி, வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்.

எங்கள் லைன்மேன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வரைபடத்தில் மூன்றாவது வெட்டின்மேல் விரலை வைத்தார்.

“ஏனுங்க சார், இங்க அண்ணந் தம்பி கூட்டுக் கெணறு இருக்குதுங்க. அண்ணன் மோட்டாரு இந்தப் பக்கத்துக் கம்பி, தம்பி மோட்டாரு அந்தப் பக்கத்துக் கம்பி.”

“கெணத்துக்குக் கணக்குல எடமில்லைங்க. கம்பிக்குத்தான்.”

“செரிங்க,” என்றார். அவருக்கு மனசில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

அந்தக் கிணற்றில் ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. முறை முழு நாளுக்கு. என் கணக்கு கொடுத்ததோ அரை நாள் கரண்டு. அதனால் அவர்கள் மோட்டார் ரூமில் இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஒரு ஒயரைக் கட்டிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் கரண்டு வந்தாலும் முறைக்காரர் மோட்டார் ஓடும். ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் அண்ணன் பக்கத்துக் கம்பத்தில் வேலை. அந்தக் குரூப்புக்கு மதியம்தான் கரண்டு. போதாததற்கு டிரான்ஸ்பார்மர் சுவிட்சையும் நானே இறக்கி அணைத்தேன். லைன்மேன் ஏறுவதற்கு முன் இரும்புச் சங்கிலியைக் கம்பிகள்மேல் வீசுவார். கரண்டு மிச்சமிருந்தால் பொறி பறந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்று சைக்கிளிலிருந்து சங்கிலியை அவிழ்க்கப் போனவரைத் தடுத்தேன்.

“நாந்தான் எறக்கி உட்டனுங்களே. ஏறுங்க, நேரமாச்சு.”

ஏறினார். காற்றே இல்லை. கிணற்றுப் பக்கமிருந்து மோட்டார் ஓடும் சத்தம் வந்தது. தம்பியின் மோட்டார் என்று நினைத்தேன். அன்று அண்ணன் முறை. தம்பியின் கரண்டில் அண்ணன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஒயர் வழியாகக் கரண்டு அண்ணன் பக்கத்துக் கம்பியிலும் ஏறி, கம்பம் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

கம்பியைத் தொட்டவர் உயிர் தப்பினார். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அண்ணன்காரரிடம் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“எங்க கெணறு ஒண்ணுதானுங்களே சாமி. கரண்ட நீங்கதானுங்க ரெண்டாக்குனீங்க.”

அதன்பிறகு என் நான்கு வெட்டுகளின் ஓரமும் தேடினோம். தேடத் தேட ஒயர்கள் கிடைத்தன. காலையில் அறுத்தால் சாயங்காலம் திரும்பக் கட்டினார்கள். பயிர் காய்ந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? பிரிவினையை மாற்றலாம் என்று எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. வரைபடம் சுவரில் அப்படியே இருந்தது. ரோட்டில் போகும்போது எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் நின்று, அது எந்தப் பக்கத்துக் கரண்டு என்று கணக்குப் போடுவேன்.

சில மாதம் கழித்து லைன்மேன் வேலைக்குத் திரும்பினார். கம்பம் ஏறுவதில்லை, கீழ்வேலை மட்டும். முதல் நாளே காற்றில் ஒரு கம்பி அறுந்து கடலைக்காட்டில் கிடந்தது. அதே மூன்றாவது வெட்டின் ஓரம்.

“நிறுத்தியாச்சுங்களா?” என்றார்.

“ஆச்சுங்க. நாந்தான் எறக்கினேன்.”

“அப்ப நீங்களே எடுத்துக் குடுங்க சார்.”

குரலில் கோபமில்லை. கம்பி என் காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் ஓடியது. யாருடையது, யார் முறை என்று எனக்குத் தெரியவில்லை.

நான் குனியவில்லை. அவர் சைக்கிளுக்குப் போய் இடது கையால் சங்கிலியை அவிழ்த்தார். ஒரு நுனியைக் கம்பத்திலிருந்து தரைக்குள் இறங்கும் எர்த் ஒயரில் கட்டி, மறு நுனியைக் கம்பிமேல் எறிந்தார். பொறி எதுவும் வரவில்லை. குனிந்து கம்பியை எடுத்தார். என் கை அப்போதும் கால்சட்டைப் பைக்குள்தான் இருந்தது.