கப்டன் கிடாயும் தென்னைமரத்து அலையும்

சீடி வாடகைக்கு விடுகிறவன் படம் பார்ப்பதில்லை, படத்தைப் பற்றிய முறைப்பாடுகளைத்தான் கேட்பான். கடை வைத்து நொந்தவர்களுக்கு இது விளங்கும். செட்டிபாளையத்தில், வாவிப் பக்கமாக, எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது.

ஒரே கதை

சீடிகளைக் காத்தான்குடியில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம்தான் எடுப்பேன். ஒருநாள் தமிழ் பேசும் கார்ட்டூன் ஒன்று தந்தார். தாடி வைத்த கிடாய் ஒன்று கப்டன், ஒரு காகம் அதற்கு மாலுமி. பீப்பாய் ஒன்றில் ஏறிக் கடலைச் சுற்றுவார்கள். உறையில் பன்னிரண்டு கதை என்று போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரே கதைதான், பன்னிரண்டு தரம்! பெரிய அலை பீப்பாயைத் தூக்கித் தென்னைமர உச்சியில் வைக்கும். கிடாய் அங்கேயே இருந்து இளநீர் குடிக்கும். அவ்வளவுதான்.

திருப்பிக் கொண்டுபோனேன். நானா அசையவில்லை. "புள்ளையள் எப்படியும் ஒரே கதையத்தான் பன்னிரண்டு தரம் பாக்கும், தம்பி. திருப்பிப் போடுற வேலை உங்களுக்கு மிச்சம்."

கப்டன் யார்?

அந்த சீடியின் மேல் நான் பேனையால் 'கப்டன்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இயக்கத்திலும் கப்டன்மார் இருந்த அந்த யுத்தக் காலத்தில் அந்தச் சொல்லைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பது எவ்வளவு மடத்தனம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானாவிடமிருந்து திரும்பி வரும்போது என்னை வெயிலில் நிறுத்திவிட்டு சீடியை உள்ளே கொண்டுபோனார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திருப்பித் தந்த சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான். "ஆடு கப்டன் நல்லம். எங்கட கப்டனுக்குக் காட்ட வேணாம்."

நான் சொன்ன பொய்

தர்ஷிகாவும் அவளுடைய தம்பி கவினும்தான் அந்த சீடியை அடிக்கடி எடுப்பவர்கள். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. அலை வரும் இடத்தில் அவன் கதிரையிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பானாம். சுனாமியில் அவர்களுடைய வீடு போனது. கவினும் போனான். என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர்தான். மேல்தட்டிலிருந்த சீடிகள் நனையவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, பாடசாலையில் இருந்த அகதி முகாமில் பிள்ளைகளுக்குப் படம் போடக் கூப்பிட்டார்கள். டீவியைத் தூக்கிக்கொண்டு போனேன். தர்ஷிகா வந்து கப்டன் கிடாயைக் கேட்டாள். அது என் பைக்குள்தான் இருந்தது. அந்த அலையை இவளுக்கு எப்படிக் காட்டுவது?

"அது கடலோட போயிட்டு, மகள்" என்றேன்.

அவள் அழவில்லை. "அதையும் கடல் கொண்டு போயிட்டா, மாமா?"

மறுபடி பார்த்தோம்

யுத்தம் முடிந்த வருடம் சீடிக்கு ஆள் குறைந்து, கடையில் போட்டோகொப்பி மெஷின் வைத்திருந்தேன். தர்ஷிகா பழைய வினாத்தாள்களைக் கொப்பி எடுக்க வந்தாள். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. மேசை லாச்சியைத் திறந்து சீடியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "அண்டைக்கு நான் பொய் சொன்னன், மகள்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. "போடுங்க, மாமா" என்றாள்.

கடை டீவியில் போட்டு, முதல் தரமாக ஒழுங்காகப் பார்த்தேன். எவ்வளவு மோசமான படம்! கிடாயின் தொப்பி ஒரு காட்சியில் சிவப்பு, அடுத்ததில் பச்சை. காகத்துக்கு இரண்டுமே இடது சிறகு. அலையோ, கிடாய் பேசி முடிக்கும்வரை பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்மாதிரி ஓரமாகக் காத்து நிற்கிறது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்தினேன்.

தர்ஷிகா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "சிரிங்க, மாமா. தம்பிக்கு இப்ப பதினொரு வயசு. இது சின்னப் புள்ளையள்ட படம் எண்டு அவன் பாக்கவே மாட்டான்."

வந்தவள் கேட்டதை எடுத்துக் கொடுக்கத் தெரியாதவன் கடை வைக்கக் கூடாது. நான் பதினாறு வருடம் வைத்திருந்தேன்.