கிளெனிஸ் எழுதாத வாக்கியம்

மழை வருமா என்று கேட்டால் கிளெனிஸ் ட்ரெகியா, "வரலாம்" என்பாள். பீர் ஜில்லென்று இருக்கிறதா என்றால், "இருக்கிற மாதிரிதான் தெரியுது." விம்மெரா வட்டாரத்து மதுக்கடையில் அவளுக்கு 'வரலாம் கிளெனிஸ்' என்றே பெயர். பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் செடிகளை எண்ணி அறிக்கை எழுதுகிறவள். எண்ணாத செடிக்கு வாக்குக் கொடுக்க மாட்டாள், அவ்வளவுதான்.

தேநீர் வேளையில் இதை வைத்தே வழக்கு நடக்கும். புள்ளியியல்காரருக்குச் சந்தேகம் என்பது அட்டவணையில் ஓர் எண். பொருளாதாரக்காரருக்கு அது, ஒன்று போனால் மற்றது கைகொடுக்கட்டும் என்று பாதி நிலத்தில் பார்லி விதைத்து வைப்பது. "என் சந்தேகம் வாக்கியத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கணும். படிக்கிறவன் கால் அதுல இடறணும்" என்பாள் கிளெனிஸ். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவர் நிலையத்தின் தலைவர் டாக்டர் அலிஸ்டர் ஒருவர்தான். பதினைந்து வருஷமாக ஆய்வறிக்கைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாகி வந்தன.

புது மசூர் பருப்பு ரகத்தைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்தது இது: 'மூன்று வயல்களில், இரண்டு பருவங்களில், லேசான உறைபனியை இது தாங்குவதாகத் தோன்றுகிறது.' அச்சுக்குப் போகுமுன் திரும்பப் பார்க்கவில்லை. அலிஸ்டர்தானே அனுப்புகிறார் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில், அங்கே குளிர்காலம் முடிந்து பயிர் பூவெடுத்த நேரம், ஒரு வாரம் விடாமல் உறைபனி. தம்பி ராஸின் எண்ணூறு ஏக்கரும் வெந்நீர் ஊற்றியது போல் துவண்டு கிடந்தது. அத்தனையும் அந்த ஒரே ரகம்.

"ஏன்டா எல்லாத்தையும் இதுலயே போட்ட?"

ராஸ் வண்டிக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த ஆய்வுச் சுருக்கத் தாளை எடுத்து நீட்டினான். 'இது உறைபனியைத் தாங்கும்.' கீழே இரண்டு பெயர்கள்.

"உன் வாழ்க்கையிலயே நீ 'லாம்' போடாம எழுதினது இது ஒண்ணுதான் கிளெனிஸ். நீயே அடிச்சுச் சொல்லிட்டியேன்னுதான் முழுசாப் போட்டேன்."

நிலையத்துக்குப் போய்க் கேட்டாள். தான்தான் வெட்டியது என்பதை அலிஸ்டர் மறுக்கவில்லை. ஆய்வுச் சுருக்கம் இருநூறு சொல்லைத் தாண்டக் கூடாதாம்.

"இடம் பத்தல. சந்தேகமெல்லாம் அட்டவணையில இருக்கே. பாக்காதது அவங்க தப்பு" என்றார். பிறகு, விவசாயிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், வழக்கம்போல அவள் கொஞ்சம் திருத்தித் தர வேண்டும் என்றும் சொன்னார்.

'சிலருக்கு ஓரளவு பாதிப்பு ஏற்பட்டிருக்கக்கூடும். நாங்கள் சொன்னது ஒருவேளை தவறாகவும் இருந்திருக்கலாம்...' இப்படியே பக்கம் முழுக்க. இந்த 'லாம்', 'கூடும்', 'ஒருவேளை'களை எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. அவள் வரியிலிருந்து பிடுங்கியதையெல்லாம் மனுஷன் தன்னைச் சுற்றி நட்டுக்கொண்டிருந்தார்.

பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தாள். மிஞ்சியது இரண்டு வாக்கியம்: பாதிப்பு ஏற்பட்டது. நாங்கள் சொன்னது தவறு.

"இடம் பத்தல, அலிஸ்டர்" என்று தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஊர்ப் பத்திரிகையில் கடிதம் வந்தது. பதினொன்றும் அப்படியே இருந்தன. கீழே அவள் பெயரும் இருந்தது.

பத்திரிகையோடு ராஸ் வேலிக் கதவருகே நின்றுகொண்டிருந்தான். கதவைத் திறக்கவில்லை.

"இதையும் நீதான் எழுதினியா?"

"இல்ல. அதையும் நான் எழுதல, இதையும் நான் எழுதல."

அவன் பத்திரிகையை மெதுவாக மடித்தான்.

"இருக்கலாம்" என்றான்.